பதினேழாம் எண் சேறும் நான் போட்ட ஒரு மார்க்கும்

ஆமாம், ஐந்துக்கு ஒன்று போட்டவன் நானேதான். போன சனிக்கிழமை முட்டி வரை சேறு அப்பிய என் கால்களைப் படம் எடுத்து, "நான் ஒரு மார்க் போட்ட இடம்" என்று எழுதிப் போட்டிருந்தேன். கீழே ஒருவர், "ஒண்ணு போட்டுட்டு அப்புறம் எதுக்கு வேலை மெனக்கெட்டு அங்கேயே போன?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன், யாராவது அங்கே போகிறதாக இருந்தால் வழியும் தெரிந்துகொள்ளலாம்.

வாணி அக்கா என் பெரியம்மா மகள். சுபாங் ஜெயாவில் இருந்துகொண்டு மாஸ்டர்ஸ் படிக்கிறாள். சிலாங்கூரில் தார் ரோடு முடிந்த பிறகும் போக வேண்டிய நாற்பது இடங்களுக்குப் போய், இடத்துக்கு ஒரு படம் எடுத்து வந்திருக்கிறாள். அருவி, சுண்ணாம்பு மலை, சதுப்புக் காடு, கடலோரம் எல்லாம் உண்டு. அந்த நாற்பது படத்தையும் ஒரு புத்தகமாகக் கட்டி, முப்பது சாதாரண ஆட்களிடம் தனித்தனியாகக் கொடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே கேள்வி: இந்தக் காட்சி இல்லாமல் போனால் எவ்வளவு இழப்பு? ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டும். சராசரி மூன்று வந்தால் அந்த இடம் அவளுடைய பட்டியலில் சேரும். அழகுக்காகவே காப்பாற்ற வேண்டிய இடங்கள் என்று அந்தப் பட்டியல் நிலத் திட்டம் போடுகிறவர்கள் கைக்குப் போகும். மூன்று வராத இடத்தைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. எவனாவது மண்ணைக் கொட்டி மூடினால் கேட்கவும் ஆள் இருக்காது.

முப்பது பேரில் நானும் ஒருவன். டிப்ளோமாவை மூன்றாவது செமஸ்டரில் விட்டுவிட்டுச் சுற்றுகிறவனிடம் எப்போதும் நேரம் இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தேன். நாற்பது படம், பதினொரு நிமிடம். அருவிக்கெல்லாம் நாலு, ஐந்து. பதினேழாம் எண்ணில் மேலே வெள்ளை வானம், நடுவில் பச்சையாக ஒரு கோடு, கீழே முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. மூன்று வினாடி பார்த்திருப்பேன். ஒன்று.

இரண்டு வாரம் கழித்து பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டில் அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பதினேழுக்கு முப்பது பேரும் சேர்ந்து போட்டது எண்பத்தெட்டு. தொண்ணூறு வந்தால் சராசரி மூன்று, பட்டியலில் இருக்கும். இரண்டு மார்க்கில் போய்விட்டது. "அதுக்கு ஒண்ணு போட்ட ஒரே ஆளு நீதான்டா," என்று சிரித்தாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் மறுநாளிலிருந்து அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற இருபத்தொன்பது பேரும் அந்தச் சேற்றில் எதைப் பார்த்தார்கள்? நான் போட்டது சரியா, தப்பா? இதில் சரி தப்பு என்று ஒன்று உண்டா? நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் வருவாள், வந்தால் மெதுவாக நடப்பாள்.

சனிக்கிழமை காலை 8.12க்கு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானில் இறங்கும்போது 9.21. டிக்கெட்டுக்குக் கார்டில் நான்கு வெள்ளி எழுபது சென் போனது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் சேலைக்கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே, ஐந்து வெள்ளி இருபது. அங்கிருந்து பதினேழாம் எண் இருக்கிற சுங்கை கெராங் 31 கிலோமீட்டர். பஸ் கிடையாது. ஆப்பில் கார் போட்டேன், 38 வெள்ளி காட்டியது. முதல் இரண்டு டிரைவர்கள் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு கேன்சல் செய்தார்கள். மூன்றாவதாக வந்தவர் மணியம் அங்கிள். அறுபதைத் தாண்டியவர், முன்பு துறைமுகத்தில் லோரி ஓட்டியவராம். ஏறி உட்கார்ந்ததும் மீன் வாங்கவா என்று கேட்டார். இல்லை, பார்க்க என்றேன்.

"என்னத்த பார்க்க?"

"சேறு அங்கிள்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சேறு பார்க்க முப்பத்தெட்டு வெள்ளியா? எங்க வீட்டு முன்னால லோங்காங் இருக்கு தம்பி. ஃப்ரீயாவே காட்டுறேன் லா."

லோங்காங் என்றால் சாக்கடை. பாதி வழி வரை அவருக்கு அது ஒன்றே பேச்சு. கேர்ள்ஃப்ரெண்டை அங்கே கூட்டிப் போகாதே, அப்படியே ஓடிவிடுவாள் என்றார். எனக்குத் திரும்பி வரக் கார் கிடைக்காது என்றும் அவரே சொல்லி, நான் இருக்கிறேன், வெய்ட்டிங்குக்குப் பத்து வெள்ளி கொடு என்று பேசி முடித்தார். அந்தப் பேச்சுதான் பிறகு என் காலைக் காப்பாற்றியது.

கடைசி மூன்று கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்து மண் ரோடு. மழை பெய்திருந்தால் சின்னக் காரில் போக வேண்டாம். 10.55க்கு ரோடு முடிந்தது. அதற்கு மேல் கடல் தண்ணீர் உள்ளே வராமல் கட்டிய உயரமான மண்கரை, அதன் மேல் நானூறு மீட்டர் நடை, நிழல் கிடையாது. கரையின் முடிவில் சேற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைப் பாலம் ஒன்று. பாலத்தின் நுனிக்குப் போனபோது 11.08.

பதினேழாம் படம் அப்படியே எதிரில் இருந்தது. அக்கா நின்ற அதே இடம். வெள்ளை வானம், பச்சைக் கோடாக அலையாத்தி மரங்கள், கடல் எங்கேயோ தள்ளிப் போயிருந்தது, மீதி எல்லாம் சேறு. நாற்றம் மட்டும்தான் படத்தில் இல்லாதது. இரண்டு நிமிடம் பார்த்தேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஒன்று சரிதான். அதிகம்கூட.

பேசாமல் திரும்பியிருக்கலாம். என்னால் ஓரிடத்தில் சும்மா நிற்க முடியாது, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். பக்கத்திலிருந்து ஒரு படம் எடுப்போம் என்று பாலத்திலிருந்து கீழே கால் வைத்தேன். வலது கால் முட்டி வரை போனது. அதை இழுப்பதற்காக இடது காலை ஊன்றினேன். அதுவும் போனது. அப்போது மணி 11.12. ஃபோன் கையில் இருந்ததால் இங்கே எல்லா நேரமும் சரியாகச் சொல்கிறேன்.

என் பின்னாலேயே கரை வரை வந்திருந்த மணியம் அங்கிள் முதலில் நன்றாகச் சிரித்து முடித்தார். பிறகு பாலத்து நுனிக்கு வந்து கையை நீட்டினார், எட்டவில்லை.

"ஆட்டாத. ஆட்ட ஆட்ட உள்ள இழுக்கும். அந்தப் பக்கம் ஒரு பொண்டோக் குடிசை இருக்கு, பலகை கேட்டு வாங்கிட்டு வரேன். அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் என்று சொல்லிப் போனவர் திரும்பி வர அரை மணிக்கு மேல் ஆனது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததால் பயமில்லை. வெயில்தான். அசைந்தால் இன்னும் உள்ளே போவேன் என்பதால், வாழ்க்கையில் முதல்முறையாக நான் அசையாமல் நின்றேன்.

முதலில் சத்தம் வந்தது. தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுமே, அது மாதிரி டிக் டிக் என்று சேறு முழுக்க. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. 11.21க்கு, எனக்கு நான்கடி தள்ளி ஒரு ஓட்டையிலிருந்து தீக்குச்சி மாதிரி இரண்டு கண்கள் மேலே வந்தன. பிறகு ஒரு நண்டு. என் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். ஒரு கொடுக்கு சின்னது, இன்னொன்று உடம்பை விடப் பெரியது, நல்ல ஆரஞ்சு நிறம். அந்தப் பெரிய கொடுக்கைத் தூக்கி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆட்டியது. பக்கத்து ஓட்டையில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. தலையை மெதுவாக நிமிர்த்தினேன்.

சேறு முழுக்க ஆரஞ்சு. மரங்கள் இருக்கிற கோடு வரைக்கும். ஆயிரமா, பத்தாயிரமா, எனக்கு எண்ணத் தெரியவில்லை. எல்லாம் கொடுக்கைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. நடுவில் சேற்றில் துள்ளுகிற மீன், பெலாச்சாக் என்று சொல்வார்களே, அதில் இரண்டு ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கொக்கு ஒன்று அசையாமல் நின்றது, என்னை மாதிரி. தரை என்று நான் நினைத்த எல்லாமே நகர்ந்துகொண்டிருந்தது.

மூக்கில் வியர்வை. கையைத் தூக்கித் துடைத்தேன்.

அவ்வளவுதான். ஒரு வினாடியில் ஒன்றுமில்லை. சாம்பல் சேறு, பச்சைக் கோடு, வெள்ளை வானம். பதினேழாம் படம் திரும்பி வந்துவிட்டது. மணி 11.26.

மறுபடி காத்திருந்தேன். 11.34க்கு வந்தன, எட்டு நிமிடம். இந்த முறை வேண்டுமென்றே ஒரு விரலை மட்டும் அசைத்துப் பார்த்தேன், போகவில்லை. முழங்கையை அசைத்தேன், பக்கத்தில் இருந்தவை மட்டும் உள்ளே போயின, தூரத்தில் இருந்தவை கண்டுகொள்ளவில்லை. படம் எடுக்க ஃபோனைத் தூக்கினேன், எல்லாம் போயின. அதனால்தான் உங்களுக்குக் காட்ட என்னிடம் கால் படத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

11.47க்கு அங்கிள் பலகையோடு பாலத்தில் தடதடவென்று வந்தார். நான் சேற்றையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து என்ன என்று கேட்டார். நண்டு, இந்தச் சேறு முழுக்க என்றேன். எட்டிப் பார்த்தார். அவர் பார்வைக்கு வெறும் சேறு.

"வெயில் ஏறிருச்சு உனக்கு," என்றார்.

பலகையைப் போட்டு என்னை இழுத்தார். என் இரண்டு ஷூவும் உள்ளேயே தங்கிவிட்டன. காலைக் கழுவ அந்தப் பொண்டோக்கில் ஒரு ஆன்டி தண்ணீர் தந்தார். மலாய்க்காரர், சிப்பி பிரித்துக்கொண்டிருந்தார். காரில் வருகிறவர்கள் பாலத்துக்கு வருவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள், ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார்கள் என்றார். நண்டைப் பற்றிக் கேட்டேன். அது இருக்கிறது, அதற்கென்ன என்பது மாதிரி தோளைக் குலுக்கினார்.

அங்கிளை விட மனமில்லை. பத்து நிமிடம் பாலத்தில் பேசாமல் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். உட்கார்ந்தார். ஆறாவது நிமிடத்தில் அவர் ஃபோன் அடித்தது, ஊருக்கே கேட்கிற சாமி பாட்டு. அதை சைலண்டில் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அதன் பிறகு அவராக எழுந்திருக்கவில்லை. 12.20க்கு நான்தான் அவரைக் கிளப்பினேன். தார் ரோடு வந்ததும், "வீட்டுக்காரிய ஒரு நாள் கூட்டிட்டு வரணும்," என்றார். லோங்காங் பேச்சு அதோடு நின்றது.

கிள்ளானில் 6.90க்கு ஒரு ஜப்பான் சிலிப்பர் வாங்கி மாட்டிக்கொண்டு, ரயில் வருவதற்குள் அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, என் மார்க்கை ஒன்றிலிருந்து ஐந்தாக மாற்று என்றேன்.

"நேர்ல போனியா?"

"போனேன்."

"டேய் ரூபன், நேர்ல போன ஆளோட மார்க் செல்லாதுடா. ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கு. நீ சைன் பண்ணிருக்க."

படித்திருந்தால்தானே. சைன் போட வேண்டிய இடத்தை மட்டும் தேடிக் கண்டுபிடித்தவன் நான்.

அங்கே நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டேன். குறிப்பைப் புரட்டிப் பார்த்தாள். வந்து சேர்ந்தது 11.42, படம் எடுத்தது 11.43. அன்றைக்கு மட்டும் ஏழு இடம் போயிருக்கிறாள். அவளுடைய விதிப்படி படத்தில் மனிதர், படகு, மிருகம் எதுவும் இருக்கக் கூடாது, எல்லா இடத்தையும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். அப்படியென்றால் விதியே தப்பு என்றேன். மறுபடி போய் நின்று ஒரு படம் எடு, அதைக் கொடு என்றேன்.

"பதினேழுக்கு நீ அரை மணி நேரம் குடுத்துட்ட. மத்த முப்பத்தொம்பதுக்கு யாரு குடுப்பா? அதுலயும் ஏதாவது ஒளிஞ்சிருக்கும்ல?"

நான் மூன்று வினாடியில் இரண்டு மார்க் போட்ட சதுப்புக் காடு ஒன்று இருக்கிறது. இருபத்தொன்பதாம் எண். அது என்னென்னத்தை வைத்திருக்கிறதோ. அருவிக்கு ஐந்து போடுவது சுலபம். நாம் வந்தாலும் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். நம் காலடிச் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்கிற இடத்துக்கு மார்க் போடுவது எப்படி? அக்கா அதை அறிக்கையின் கடைசியில் குறைபாடுகள் என்கிற பக்கத்தில் எழுதுகிறாளாம். அந்தப் பக்கத்தை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். உன்னை மாதிரி ஆட்கள் படிக்க மாட்டார்கள் என்றாள். சரிதான்.

என் நாற்பது மார்க்கையும் அடித்துவிட்டாள். முப்பது பேர் இருந்தே ஆக வேண்டும், இன்று திங்கட்கிழமை மாலை ஐந்துக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். எனக்குப் பதில் ஒரு ஆளை நான்தான் பிடித்துத் தர வேண்டும் என்றாள். நாற்பது இடத்தில் ஒன்றைக்கூட நேரில் பார்த்திருக்கக் கூடாது, படங்களைப் பற்றி அந்த ஆளிடம் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட.

கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. என்னுடைய ஒன்று போனால் பதினேழுக்கு எண்பத்தேழு. புது ஆள் மூன்று போட்டால் தொண்ணூறு, உள்ளே. இரண்டு போட்டால் வெளியே. படம் அதே படம்தான். அதில் நண்டு இல்லை.

அந்தப் புது ஆள் யார் என்று சொல்வதற்கு முன், அங்கே போகிறவர்களுக்கு. கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு மொத்தம் 109 வெள்ளி 50 சென் ஆனது, இதில் திரும்பி வந்த காருக்கு 40, வெய்ட்டிங் 10, சிலிப்பரும் சேர்த்தி. போன காரையே நிறுத்தி வையுங்கள், அங்கே ஆப்பில் எதுவும் வராது. டாய்லெட் இல்லை. தொப்பி, தண்ணீர் கட்டாயம். பாலத்தை விட்டு இறங்காதீர்கள், நான் இறங்கினேன் என்பதற்காக நீங்களும் இறங்க வேண்டியதில்லை. நுனியில் உட்கார்ந்து ஒன்பது நிமிடம் சும்மா இருங்கள். ஃபோனை சைலண்டில் போடுங்கள். படம் எடுக்க நினைக்காதீர்கள், வராது. நாலு பேருக்கு மேல் சேர்ந்து போகவே வேண்டாம், ஒருவர் கட்டாயம் இருமுவார்.

இப்போது மணி 3.10. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, மதியக் கூட்டம் போய்விட்டது. மூன்று மேசை தள்ளி அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு எதிரில் சிவா. சிவா என் ரூம்மேட், பக்கத்துத் தெருவில் ஃபோன் ரிப்பேர் செய்கிறான். பிறந்தது கம்போங் மேடானில், வேலை பிரிக்ஃபீல்ட்ஸில், லீவு நாளில் தூக்கம். இந்த இரண்டு இடத்தைத் தவிர அவன் எதையும் பார்த்ததில்லை, அந்தத் தகுதிக்காகத்தான் பிடித்தேன். இந்த பிளாக்கை இதுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை, அதுவும் தகுதிதான்.

என்னை அக்கா சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது என்பதை அவள் கவனிக்கவில்லை. நான் பதினொரு நிமிடத்தில் முடித்த புத்தகத்தை அவன் முப்பத்தைந்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு படத்தையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஃபோன் போர்டில் ஒடிந்த கம்பியைத் தேடுகிற மாதிரி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ரூமில் இந்த ஆமை வேகத்துக்காக நான் அவனைத் திட்டாத நாளில்லை.

அந்தச் சேற்றில் ஓட்டைகள் இருக்கின்றன. நேற்று அக்காவிடம் படத்தை ஃபோனில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி குத்தினது மாதிரி, படம் முழுக்க. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்று, அக்கா போகட்டும் என்று காத்துக்கொண்டு.

பதினாறை எழுதிவிட்டான். தண்ணீர் குடிக்கிறான். நிமிர்ந்து இந்தக் கண்ணாடியைப் பார்த்தால் என் மூஞ்சியைப் பார்ப்பான், பார்த்தால் எனக்கு முக்கியமானது எந்தப் படம் என்று கண்டுபிடித்துவிடுவான், மூன்று வருடம் ஒரே ரூம். இங்கே நான் உட்காரக் கூடாது. பக்கத்தைத் திருப்புகிறான். நான் வெளியே போகிறேன்.